என் கட்சியைப் பேசிய தேவகி

வேலந்தாவளத்தில் அன்று சந்தை. கடையில் ஒருவருடைய கணினியில் விண்டோஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். கோவை ஆஸ்பத்திரியிலிருந்து தேவகியின் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "தேவகி போயிட்டாளுங்ணா" என்றார். வேலை முடியும்வரை அணைக்க வேண்டாம் என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு ஓடினேன். அவள் பார்த்திருந்தால், "உங்க விண்டோஸ் பேச்சை நீங்களே கேக்கறதில்லீங்களா?" என்று சிரித்திருப்பாள்.

கணினி பழுதுபார்க்கும் அந்தக் கடையை நானும் அவளும் கூட்டாக நடத்தினோம். கணினியை இயக்கும் மென்பொருளில் நான் விண்டோஸ் ஆள். அவள் லினக்ஸ் பைத்தியம். மற்றவர்கள் ஸ்கூட்டர் முன்னால் வேலும் மயிலும் ஒட்டுவார்கள். அவள் லினக்ஸின் சின்னமான பென்குவினை ஒட்டியிருந்தாள். கொழிஞ்சாம்பாறை வரைக்கும் அவள் 'பென்குவின் அக்கா'தான். அவளை நினைத்து இங்கே வந்திருக்கும் உங்களில் பலர் அவளோடு வாதாடி வாய் வலித்துப் போயிருப்பீர்கள். எனக்குத் தினமும் அதே கதி.

ஆனால் கடைக்கு வருகிறவர் எது நல்லது என்று கேட்டால் அவள் ஆளே மாறிவிடுவாள். கல்யாண ஆல்பம் போடும் ஒரு ஸ்டுடியோக்காரர் லினக்ஸ் வேண்டுமென்றே வந்தார். "உங்க ஆல்பம் சாஃப்ட்வேர் இதுல ஓடாதுங்க, அண்ணங்கிட்டப் போங்க" என்று என் பக்கம் கைகாட்டிவிட்டாள். வந்த ஆளை ஏன் விட்டாய் என்றேன். "எனக்குப் புடிச்சாப் போதுங்களாண்ணா? உக்காந்து வேல செய்யறது அவருதானுங்க" என்றாள்.

பக்கத்து ஊர்ப் பால் சங்கத்தில் எல்லாக் கணினிகளையும் ஒரே மாதிரி ஆக்கப்போவதாகச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார்கள். அங்கே கணக்குப் பார்த்த பழனியம்மாளுக்குக் கண் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினி வாசித்துச் சொல்ல, காதில் கேட்டு வேலை செய்வார். புது ஏற்பாடு அவருக்கு ஒத்துவராவிட்டால் வேறு வேலைக்கு மாற்றிவிடலாம் என்று தலைவர் பேச ஆரம்பித்திருந்தார். அங்கே வேறு வேலை எதுவும் இல்லையென்று எல்லோருக்கும் தெரியும். தலைவரின் மனதில் இருந்தது லினக்ஸ்தான். இங்கே கேரளத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிப்பது அதில்; காசும் கொடுக்க வேண்டியதில்லை. தேவகி சும்மா இருந்தாலே போதும், ஜெயித்திருப்பாள்.

போகும் வழியில், "அண்ணா, இன்னிக்கு நீங்க லினக்ஸைக் காட்டுங்க, நான் விண்டோஸைக் காட்டறேன்" என்றாள். "அவங்கவங்க புள்ளைய அவங்கவங்களே காட்டுனா குறை எங்கீங்க தெரியும்?"

அப்படியே செய்தோம். சங்கத்திலேயே ஆகப் பழைய கணினி லினக்ஸில் சட்டென்று எழுந்து நின்றதைக் காட்டும்போது எனக்கே ஆச்சரியம். அவளோ விண்டோஸைப் பற்றி நான் ஒருநாளும் சொல்லாத நல்லதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். பிறகு பழனியம்மாள் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தார். லினக்ஸில் எழுத்தை வாசித்த குரல், கணக்குப் பக்கத்தில் எண்களை விட்டுவிட்டுப் போனது. தேவகி என்னென்னவோ செய்து பார்த்தாள், சரியாகவில்லை. விண்டோஸில் எண் எண்ணாகக் கேட்டது. "இது தெளிவாக் கேக்குதுங்க" என்று பழனியம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்கதானே எப்பவும் லினக்ஸ் லினக்ஸுன்னு சொல்லுவீங்க?" என்று தலைவர் மடக்கினார்.

"நாளைக்கும் சொல்லுவேனுங்க. இவங்க வேலைக்கு இன்னிக்கு அது பத்தாதுங்க. இவங்க மேசைக்கு விண்டோஸ் வைங்க, பழைய மெஷினுக்கு லினக்ஸ் போடுங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும்னு என்னங்க இருக்குது?" என்றாள்.

தலைவர் முனகிக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார். திரும்பி வரும்போது தேவகி, "உள்ளுக்குள்ள எரியுதுங்ணா" என்றாள். மறுநாளே அந்தக் குறையை லினக்ஸ் உருவாக்குகிறவர்களுக்கு விவரமாக எழுதி அனுப்பினாள். அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

பழனியம்மாள் இன்றும் அதே மேசையில் இருக்கிறார். தேவகியைக் கடைசியாகப் பார்க்க மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

எது நல்லது என்று இப்போது யாராவது கேட்டால், விண்டோஸின் குறைகளை முதலில் சொல்கிறேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது. லினக்ஸுக்காகவும் ஓரளவு பேசிவிடுகிறேன். விண்டோஸுக்காகப் பேச வரும்போதுதான் திணறுகிறேன். நான் பேசினால் அது விளம்பரம் மாதிரி இருக்கிறது. அதை நியாயமாகப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.