வான்கோழிக்கு என்ன விலை சொல்வது?

போன வாரம் போர்ட் பிளேரிலிருந்து வந்த ஒரு காண்டிராக்டர், எங்கள் வீட்டு வாசலில் வான்கோழியைத் தராசில் தொங்கவிட்டபடியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடிப்போனார். விலை கட்டுப்படியாகவில்லை என்று நினைக்காதீர்கள். நான் இன்னும் விலையே சொல்லவில்லை!

முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்தமானில், பெரார்கஞ்சில் எங்கள் வீட்டிலிருந்து சரிவில் இறங்கினால் மல்லிகாவின் வீடும் பாக்குத் தோப்பும். அவள் கணவர் செல்வராஜ் ஆசைஆசையாக வான்கோழி வளர்த்தவர். ஜூலை மழையில் ஒருநாள் தோப்புக்குள் போனவர் மாரடைப்பில் விழுந்துவிட்டார். இருட்டிய பிறகு டார்ச் அடித்துத் தேடித்தான் அவரைத் தூக்கி வந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்ததும் மல்லிகா என்னிடம் வந்தாள். "அக்கா, பன்னெண்டையும் நீங்களே எடுத்துக்கோங்க. இன்னைக்கே எடுத்துக்கோங்க."

அவள் கேட்டது பிராய்லர் கோழி விலை. நான் மறுபேச்சுப் பேசவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் வந்தன. கார் நிக்கோபாரிலிருந்துகூட ஒருவர் போன் செய்தார். இப்போது நான் விலை போட வேண்டும். எப்படிப் போடுவது?

இது பழைய நாட்டு ரகம். வெண்கல நிறம். பண்ணை வெள்ளை வான்கோழி மாதிரி நாலே மாதத்தில் பொதபொதவென்று ஊதாது. நிதானமாக எட்டு மாதம் தின்னும். தின்கிற மக்காச்சோளமோ மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் ஒரு வாரம் தாமதித்தால் தீவன விலை ஏறும். கிலோவுக்கு இவ்வளவு என்பதா, உருப்படிக்கு இவ்வளவு என்பதா? முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான்... நோட்டில் மூன்று பக்கம் எழுதி அடித்தேன்.

நோட்டில் எழுதாத ஒன்றும் இருந்தது.

வான்கோழி எந்தச் சத்தத்துக்கும் பதில் சொல்லும். லாரி ஹார்ன் அடித்தால் கத்தும். என் வீட்டுக்காரர் தும்மினால் கத்தும். குக்கர் விசிலுக்குக் கட்டாயம் கத்தும். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே, மதியம் மூன்றரை மணிக்கு, எந்தச் சத்தமும் இல்லாமல் பன்னிரண்டும் ஒரே குரலாகக் கத்தின. எல்லாக் கழுத்தும் சரிவுப் பக்கம் திரும்பியிருந்தது. சற்று இடைவெளி விட்டு இன்னொரு முறை. பிறகு மூன்றாவது முறை... அது மட்டும் மெதுவாக, கிழட்டுச் சேவல் ஒன்றே. அதன் பிறகு இரை பொறுக்காமல் அப்படியே நின்றன.

மறுநாளும் அதே நேரம். அதற்கு அடுத்த நாளும்.

"உனக்குக் கேக்காத சத்தம் அதுக்குக் கேக்கும். இதுல என்ன அதிசயம்?" என்றார் வீட்டுக்காரர். அதுதானே என் பயமே! மூன்றரை மணிக்கு மிக்ஸியைப் போட்டுவிடுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

காண்டிராக்டர் வந்த நாளில் பேச்சு சுவாரஸ்யத்தில் நேரத்தைக் கவனிக்கவில்லை. "தீதி, லாஸ்ட் ரேட் போலோ" என்று கடைசி விலையைக் கேட்டபடியே ஒரு சேவலின் காலைக் கட்டி, வாசலில் தொங்கிய தராசின் கொக்கியில் மாட்டினார். அப்போது ஆரம்பித்தன. தலைகீழாகத் தொங்கிய சேவலும் கழுத்தை வளைத்துத் தூக்கி, சரிவைப் பார்த்துக் கத்தியது.

அவர் கை தராசிலிருந்து நழுவியது. "கௌன் புலா ரஹா ஹை?" யார் கூப்பிடுவது என்று கேட்டார்.

யாருமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டாவது முறை கத்தியபோது அவர் ஸ்கூட்டரில் இருந்தார்.

மறுநாள் மூன்றேகால் மணிக்கு மேல் மல்லிகா வந்து நின்றாள். மூச்சிரைத்தது.

"பஜார்ல அந்த ஆளு சொல்லிக்கிட்டுத் திரியுறாராம். நிசமா அக்கா? இங்கேயும் கத்துதா?"

"இங்கேயுமா? அப்படின்னா?"

அவள் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் விழுந்த அன்னைக்கு மூணரைக்கு இதுங்க கத்துச்சு. மூணு தடவ. நான் உள்ள சீரியல் பாத்துக்கிட்டு இருந்தேன். ரோட்டுல லாரி போகுதுன்னு நெனச்சு சவுண்டைக் கூட்டி வச்சேன்." வலைக்குள் நின்ற கிழட்டுச் சேவலைப் பார்த்தாள். "அவர்தான் கூப்பிட்டிருக்காரு அக்கா. இதுங்க பதில் சொல்லியிருக்கு. நான் சொல்லல."

நான் சரிவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அதுக்கப்புறம் தெனமும் அதே நேரத்துக்கு... தாங்க முடியல. எடம் மாறினா மறந்துடும்னுதான் உங்க தலையில கட்டினேன். மன்னிச்சிருங்க."

அவள் சொல்லி முடிக்கவும் மூன்றரை ஆகவும் சரியாக இருந்தது. நான் மிக்ஸி பக்கம் போகவில்லை. மூன்று முறையும் இரண்டு பேரும் நின்று கேட்டோம். மூன்றாவது குரல் ஓய்ந்ததும் மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விலை சொல்லுங்க அக்கா. பன்னெண்டையும் நானே எடுத்துக்கிறேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. ஆனா அவர் கூப்பிடறதுக்கு வேற யாரோ வீட்டுல நின்னு இதுங்க பதில் சொல்றது அதைவிடக் கொடுமையா இருக்கு."

மூன்று பக்கக் கணக்கைக் கிழித்துப் போட்டேன். அவள் விற்ற விலைக்கே திருப்பிக் கொடுத்தேன். தீவனக் காசு தருவேன் என்று சண்டை போட்டாள். ஒருவர் பொருளைச் சல்லிசாகத் தந்தால் நமக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். எதைத் தாங்க முடியாமல் தள்ளிவிடுகிறார் என்று கேட்கத் தோன்றுகிறதா? எனக்குத் தோன்றவில்லை. கீழ்வீட்டுக்காரிதான், ஆனாலும் ஐந்து மாதமாக நான் அவளிடம் கேட்கவில்லை.

நேற்று மல்லிகா போன் செய்தாள். முதல் சத்தம் வந்ததுமே தோப்புக்குள் ஓடியிருக்கிறாள். அவர் கிடந்த இடத்தில் நின்று, "வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொன்னாளாம்.

"அதுக்கப்புறம்?" என்றேன்.

"ரெண்டாவது சத்தம் வரவே இல்லக்கா. நாலு நாளா ஒரே ஒரு தடவதான். நானும் தெனம் போறேன்."

யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தப் பத்தி எங்கேயும் ஓடிவிடாது.