ஆமைக்கதவைத் தைத்து மூடியவர்கள்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் ‘ஊசிக்காரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். வலை தைக்கும் ஊசியைச் சொல்கிறார்களா, நாக்கைச் சொல்கிறார்களா என்பது, கூப்பிடுகிறவர் அன்று அவளிடம் எவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதைப் பொறுத்தது. ஐஸ் ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. கொக்கிகளில் தொங்கும் நைலான் வலைகளுக்கு நடுவே ஒரு முக்காலி. இருபத்திரண்டு வருடமாக அவள் அங்கே இழுவலை தைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருடத்துக்கு முன் சட்டம் வந்தது. இழுவலையின் கழுத்தில் இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்று சாய்வாக இருக்க வேண்டும். அதையொட்டி வலையில் ஒரு திறப்பு. இறாலும் மீனும் கம்பிகளுக்கு இடையே நுழைந்து வலையின் கடைசிப் பையான மடிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, திறப்பு வழியாக வெளியேறி மேலே வந்து மூச்சுவிடும். அதற்கும் நம்மைப் போல நுரையீரல்தான். வலையில் சிக்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அந்தத் திறப்புக்கு ‘ஆமைக்கதவு’ என்று பெயர் வந்தது. அதைத் தைக்க உரிமம் வாங்கியவர்கள் இரண்டே பேர். அவர்களில் அவள் ஒருத்தி. தைத்த வலையில் தன் எண் பொறித்த தகட்டைக் கட்டி அனுப்புவாள்.

அவளுடைய அண்ணனுக்கு இரண்டு விசைப்படகுகள். ஒரு நாள் காலை கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தான்.

“கதவு வழியா பாதி இறால் ஓடிடுது. மெல்லிசா ஒரு நூல் ஓட்டி மூடிடு. செக்கிங் வந்தா அறுத்துக்கலாம்.”

“முடியாதுண்ணே. என் நம்பர் தொங்குது அதுல.”

“ஆமை என்ன உனக்கு மாமனா, மச்சானா?”

“இல்ல. அதான் தப்பு பண்ணச் சொல்லி அது என்கிட்ட வர்றதில்ல.”

முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் அலைதடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பதினோரு ஆமைகள் செத்து ஒதுங்கின. ஐஸ் லாரி ஓட்டும் அவளுடைய கணவர்தான் போனில் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தாள். கழுத்து வீங்கி, கண் பிதுங்கி, வரிசையாகக் கிடந்தன. ஒன்றின் துடுப்பில் வலைக்கண்ணியின் தடம் அப்படியே பதிந்திருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. குனிந்து அந்தத் தடத்தின் கண்ணியை விரலால் அளந்தாள்.

பத்திரிகைக்காரர்கள் வந்ததும் மீன்வளத்துறை விழித்துக்கொண்டது. அண்ணனின் பெரிய படகில் ஒரு வலையைப் பிடித்தார்கள். கதவு நீல நூலால் தைத்து மூடியிருந்தது. தகட்டில் அவளுடைய எண். மறுநாளே அவளுடைய உரிமத்தை நிறுத்தி நோட்டீஸ் ஒட்டினார்கள். அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேராக ஆய்வாளர் அறைக்குப் போனாள். அண்ணன் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தான்; பிடித்த வலை அவன் காலடியில் கிடந்தது, நீல நூல் கோணல் தையலாக ஓடியிருந்தது.

“நம்பர் உங்களோடது. மூடினதும் நீங்கதானே?” என்றார் ஆய்வாளர்.

“தைச்சு முடிச்ச அன்னைக்கே நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டீங்களே சார், அப்ப கதவு தெறந்துதானே இருந்துச்சு? செக்கிங்குக்கு முந்தின நாளே எல்லாப் படகுக்கும் போன் வருதே, அது யாரு போன்?”

“வாய அளந்து பேசுங்க.”

“அளக்குறதுதான் சார் என் தொழிலே. அளந்துதான் பேசுறேன்.”

ஆய்வாளர் அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “எனக்கென்ன தெரியும் சார்? தங்கச்சி தைச்சுக் குடுத்ததத்தான் கடலுக்குக் கொண்டுபோனேன்.”

கூடப் பிறந்தவன் வாயிலிருந்து அது வந்தது. அவள் நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டு நாள் பொறுத்தாள். அண்ணனின் சின்னப் படகு கரை சேர்ந்த காலை, ஏலக்கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகில் ஏறினாள். தடுக்க வந்தவர்களை ஒரு பார்வையில் நிறுத்தினாள். ஈர வலையை இழுத்துத் தளத்தில் விரித்தாள். அதைத் தைத்தவர் உரிமம் வாங்கிய இன்னொருவர். தகட்டில் அவருடைய எண். அதிலும் கதவு மூடியிருந்தது. அதே நீல நூல், அதே கோணல் தையல்.

“எல்லாரும் வந்து பாருங்க! இந்த வலை நான் தைச்சதில்ல. அப்ப ரெண்டுலயும் ஒரே நூல ஓட்டினது யாரு கை?”

ஏலம் நின்றுபோனது. பத்துப் பேர் படம் எடுத்தார்கள். அண்ணன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“குடும்ப மானத்தையே வாங்கிட்டியேடி!”

“நீதான் என்னைக்கோ வித்துட்டியே, நான் எங்கண்ணே வாங்குறது?”

அந்த நீல நூலைக் கத்தியால் நெடுக அறுத்துவிட்டு இறங்கினாள்.

உரிமம் திரும்பி வந்தது. அண்ணனின் படகுகளை நாற்பத்தைந்து நாள் கட்டிப்போட்டார்கள். ஆய்வாளருக்கு வேறு துறைமுகத்துக்கு மாற்றல். அங்கேயும் அதே நாற்காலி, அதே போன். அவளுக்குக் கிடைத்தது வேறு. முன்பு முப்பது படகுகள் அவளுக்கு வேலை கொடுத்தன, இப்போது மூன்றுதான். அண்ணி தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “கொஞ்ச நாள் வாய மூடிட்டு இரேன்,” என்ற கணவருக்கு இரண்டு நாள் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

படகு கிளம்பும்போது சோதிப்பதில் என்ன பயன்? திரும்பும்போது சொல்லாமல் வந்து சோதியுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தாள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மூன்று கடிதங்கள் வந்தன. அதற்குள் இன்னும் நான்கு ஆமைகள் ஒதுங்கிவிட்டன.

இப்போது மனு என்னவாயிற்று என்று புது ஆய்வாளரைக் கேட்க ஒவ்வொரு திங்கட்கிழமையும் அலுவலகம் போகிறாள். அவள் தலை தெரிந்ததுமே குமாஸ்தா, “சார் லீவும்மா,” என்கிறார்.

“லீவா? உள்ள ஃபேன் ஓடுதே,” என்று சொல்லிவிட்டு, வாசலை அடைத்தாற்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.