திட்டு வாங்காத அணி

யாராவது சும்மா பாராட்டினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஊர் அப்படி. கோயில் வாசலில் ஒருவர் தானாக வந்து, "வாங்கம்மா, கூட்டமே இல்லாத வழி ஒண்ணு இருக்கு" என்று சிரித்தால், இவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று யோசிக்காமல் திருவண்ணாமலையில் ஒருத்தி வளர்ந்துவிட முடியாது.

அதனால்தான், நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் பல்கலைக்கழகத்தில் கோல்ஃப் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் தொடங்கப்போகிறார்கள், மட்டை, பந்து, ஷூ எல்லாம் அவர்களே தருவார்கள் என்றதும், முதலில் பெயர் கொடுத்ததும் நான்தான், முதலில் சந்தேகப்பட்டதும் நான்தான். பூப்பந்து மட்டையைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத எங்களுக்கு எதற்கு இவ்வளவு உபசாரம்?

எங்கள் விடுதிக்குப் பின்னால் கிடந்த தரிசைச் சமன்செய்து, புல் வளர்த்து, அங்கங்கே சிவப்புக் கொடி நட்டார்கள். எங்கள் பக்கத்தில் காலி நிலத்தில் கொடி நட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடி அண்ணாமலையில் பயிர் வைக்கும் என் அப்பா, சம்மதம் சொல்வதற்கு முன் இடத்தைப் பார்க்க வந்தார். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை.

"இன்னாமா, மனை போடறாங்களா? உங்கள நிக்க வச்சி போட்டோ புடிச்சி வெளம்பரம் பண்ணப் போறாங்க, பாத்துக்கோ."

எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் கெஞ்சிய பிறகு அவர் இரண்டு அணிக்கும் சொல்லிக்கொடுக்க வந்திருந்த கோச்சைத் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டு வந்து, "சரி, ஆடு" என்றார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை.

மைதானத்தில் இடது பக்கம் பையன்கள், வலது பக்கம் நாங்கள். கோச்சுக்கு வெண்கலக் குரல். பையன்கள் பக்கம் போனால், "தலைய தூக்காதடா! வெறகு பொளக்குறியா?" என்று கிழி கிழி என்று கிழிப்பார். எங்கள் பக்கம் வந்ததும் அதே குரல் குழைந்துவிடும். என் பந்து வேலியைத் தாண்டிப் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் விழும். "சூப்பர்மா" என்பார்.

இப்படியே மாதங்கள் போயின. பையன்களின் பந்து நேராகப் பறந்தது. எங்கள் பந்து கொல்லைக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் சென்னையில் நடக்கும் போட்டிக்கு இரண்டு அணிகளும் போகும் என்று அறிவித்தார்கள். அத்தனை பேர் முன்னால் மண்ணைக் கொத்திவிட்டு வருவதற்கா இவ்வளவும்? அப்பா சொன்னதுதான் சரி, எங்களைப் போட்டோவுக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை வேண்டுமென்றே பந்தைத் தொடாமல் மட்டையை வீசினேன்.

"சூப்பர்மா. அடுத்ததுல வந்துரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், நாங்க ஆட வந்தோமா, போட்டோவுக்கு நிக்க வந்தோமா?"

கோச் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"உங்கப்பாதாம்மா சொல்லிட்டுப் போனாரு. 'நானே எம் பொண்ண ஒரு வார்த்த அதட்டினதில்ல. வெளியாளுங்க அதட்டினா அன்னிக்கே கூட்டிக்கினு போயிடுவேன்'னு. உன்ன மட்டும் விட்டுட்டு மத்தவங்கள எப்படிம்மா திட்டறது? ஆளே கம்மி, ஒருத்தி போனாலும் அணியே இல்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்து அந்தக் கொடி வரைக்கும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், அப்பாவை மட்டும் விட்டுவிட்டேன்.

அன்று மாலையே வீட்டுக்குப் போனேன். "இன்னாப்பா இப்படிப் பண்ணி வச்சிருக்க?"

"எவனோ ஒருத்தன் உன்ன கத்துவான், நான் கேட்டுக்கினு இருக்கணுமா?"

"தப்ப சொல்லலன்னா எனக்கு ஆட்டமே வராதுப்பா. சென்னைல போயி அசிங்கப்பட்டா உனக்குப் பரவால்லயா?"

அவர் மோட்டார் போடப் போய்விட்டார். நான் விடுதிக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை அவருடைய வண்டி மைதானத்துக்கு வந்தபோது, என்னை அழைத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கோச்சிடம் போய், "உங்க இஷ்டம் போல சொல்லிக் குடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலி ஓரம் போய் நின்றார். அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

அடித்தேன். பந்து கொல்லைக்குப் போனது. கோச் ஒருமுறை அப்பாவைப் பார்த்துக்கொண்டார்.

"தோள் எங்க திரும்புது? கைய மட்டும் வீசுற! இத்தன மாசமா இன்னா பண்ணிக்கினு இருந்த? திரும்ப அடி!"

சுரீரென்று பட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, கூடவே ஒரு சந்தோஷமும். அப்பாவைப் பார்த்தேன். இரண்டு கையாலும் வேலிக் கம்பியைப் பிடித்திருந்தார். வாயைத் திறக்கப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோச் அன்று என்னை ஒன்றும் பாக்கி வைக்காமல் திட்டித் தீர்த்தார். கடைசிவரை அப்பா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிருந்து போகவும் இல்லை.