சத்தம் திரும்பி வரும் விளையாட்டு

கம்ப்யூட்டர் போர் விளையாட்டு விஷயத்தில் எனக்கும் என் தம்பிக்கும் ஒத்தே போகாது. நாலு குண்டு பட்டாலும் எழுந்து ஓட வேண்டும், இல்லாவிட்டால் அது என்ன விளையாட்டு என்பது என் கட்சி. அவனுக்கோ ஒரே குண்டில் சாக வேண்டும், எதிரி எங்கிருந்து சுடுகிறான் என்றே தெரியக்கூடாது. ஷிப்ட் முடித்து, கும்மிடிப்பூண்டி ஆலைத் தூசியோடு வீடு திரும்புகிற உனக்கு இந்தத் தண்டனை எதற்கு என்று கேட்பேன்.

"நெசமா இருக்கணும்ண்ணா. இல்லாங்காட்டி பொம்மை வெச்சினு ஆடலாம்" என்பான்.

அவனுக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சத்தம். பக்கத்தில் பீரங்கி ஷெல் விழுந்தால் ஹெட்போனில் எல்லாம் அடங்கி, 'கொய்ங்' என்று மட்டும் கேட்கும். பிறகு அது தேய்ந்து, ஆட்களின் குரல் மெல்லத் திரும்பி வரும். "இன்னா மாதிரி பண்ணிக்கிறான் பாரு" என்று எனக்கும் மாட்டிவிட்டுப் பூரித்துப்போவான். எங்கள் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது.

அவன் வேலை செய்த உருக்காலைக்குப் பழைய இரும்பு கப்பலில் வரும். எந்த நாட்டில் எவன் எவனைச் சுட்ட இரும்போ, யார் கண்டது. அதில் வெடிக்காத ஷெல் ஒன்று கலந்து வந்து உலைக்குள் போய் வெடித்துவிட்டது. உலைக்குக் கிட்டே நின்றவர் அங்கேயே செத்துப்போனார். தம்பிக்கு உடம்பில் கீறல்கூட இல்லை, இரண்டு காதும் போயிற்று. போகப் போகச் சரியாகலாம் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா சோறு தின்றாள்.

ஆஸ்பத்திரியில் அவன் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "கொய்ங்குனு கேட்டுக்கினே கீதுண்ணா. கேம்ல நின்னுடும். இது நிக்கல."

சில மாதம் கழித்து மறுபடி விளையாட உட்கார்ந்தான். அன்று வேலை முடிந்து வந்த என்னை அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். முகமே மாறியிருந்தது.

"ஹெட்போன் மாட்டிக்கினு ஆடறான்டா. கேக்குது போல. கூப்ட்டா திரும்பல, முன்ன மாதிரியே."

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே போய் அவன் பின்னால் நின்றேன். ஹெட்போன் ஒயரின் முனை எதிலும் சொருகாமல் அவன் மடியில் கிடந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. அதை எடுத்து அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தமாகத்தான் பேசினான். நல்லவேளை, சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"இத்த மாட்டினா, கூப்டறவங்க திமிருனு நெனைச்சினு பூடுவாங்க. செவுடுனு பரிதாபப்பட மாட்டாங்க. அம்மா கைல சொல்லாதண்ணா."

திரையில் ஷெல் விழுந்து படம் கலங்கியது. சற்று நேரத்தில் தெளிந்துவிட்டது. அவன் சுட ஆரம்பித்தான்.

மிக்ஸி நின்றது. அம்மா ஈரக்கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"சவுண்ட கொஞ்சம் கொறைக்கச் சொல்லுடா. இப்பத்தான் கேக்குது, மறுபடி பூடப்போவுது."

"சரிம்மா" என்றேன். ஒயரின் முனையைக் கைக்குள் மூடிக்கொண்டு, இன்னொரு கையால் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானை அவள் பார்க்கும்படி அழுத்தினேன்.