நான் எழுதிய லீவுக் கடிதம்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான். அதுவும் நான்காம் வகுப்பு. அந்தத் திமிரில்தான் அப்பாவின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

அப்பா ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆபீசில் பியூன். மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திர நாளை அறிவிக்கப் போகிறார்கள் என்று ஊரே கிளம்பியது. அங்கே நின்று 'மெர்டேக்கா', அதாவது விடுதலை, என்று கத்தாவிட்டால் அப்பாவுக்குத் தலை வெடித்துவிடும். அதற்கெல்லாம் துரை லீவு தரமாட்டார்.

"அம்மாவுக்கு ஒடம்பு முடியலன்னு எழுதும்மா" என்றார் அப்பா.

நாங்கள் இருந்த காஜா பேராங்கில் பக்கத்து வீட்டு அம்மா மலாக்காச் செட்டி; தலைமுறை தலைமுறையாய் மலாய்தான், தமிழ் பேசமாட்டார். தலைவலி முதல் காய்ச்சல் வரை அவருக்கு 'சாக்கிட்' என்ற ஒரே மலாய்ச் சொல் போதும். வெள்ளைக்காரனுக்கோ சிக், இல், டிசீஸ் என்று ஏகப்பட்டது. 'சிக்' வகுப்பில் எல்லாரும் எழுதுவது. அம்மாவுக்குப் போய் அத்தனை மலிவான சொல்லா? இருப்பதிலேயே பெரிதாகத் தெரிந்த டிசீஸையே போட்டேன். ஆங்கிலம் தெரியாத அப்பா கடிதத்தைப் பெருமையோடு கொடுத்தனுப்பிவிட்டுத் திடலுக்குப் போய்விட்டார்.

துரை பயந்துபோனார். ஆபீசுக்கே தொற்றிவிடுமோ என்று, டாக்டருக்கு அடுத்தபடியான டிரெஸர் ஒருவரை மருந்துப் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சைக்கிள் வந்து நின்றபோது அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, போய்ப் படு! அப்பா வேல போயிடும்!" என்றேன். ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பாயில் சாய்ந்தாள்.

டிரெஸர் தமிழர். வாசலிலேயே கடிதத்தை நீட்டி, "நீயா எழுதுன? டிசீஸ்னா பேரு உள்ள வியாதி, பாப்பா. காசம், மலேரியா மாதிரி. சும்மா முடியலன்னா சிக் போதும். இல்னு போட்டா கொஞ்சம் மரியாத. அம்மாவுக்கு என்னா வியாதி?" என்றார். நான் உள்ளே கையைக் காட்டினேன்.

உள்ளே போனால், அம்மா வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். டிரெஸர் நாடி பிடித்தார். கண் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். வெடித்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அவள் அசையவே இல்லை. அந்த நேரம் பார்த்து அப்பா வந்து நின்றார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. பொய் சொல்லக்கூடக் குரல் எழவில்லை.

டிரெஸர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடிதத்தில் டிசீஸை அடித்துவிட்டு, 'இல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மூணு நாள் லீவு. அவங்க படுத்திருக்கட்டும். நீங்க சமைங்க லா."

மூன்று நாளும் அப்பா வடித்தது சோறா கஞ்சியா என்று தெரியவில்லை. அம்மா படுத்தபடியே அதைச் சாப்பிட்டுச் சிரித்தாள். எங்களுக்கும் கொண்டாட்டம்தான்.

டிரெஸரையே ஏமாற்றிய நடிகை என் அம்மா என்று தோழிகளிடம் வெகுநாள் பீற்றிக்கொண்டேன். பட்டப்பகலில் அம்மா படுத்து அதற்குமுன் நான் ஒருநாளும் பார்த்ததில்லையே என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.