கடலுக்கு அந்தப் பக்கத்துப் பால்

பேத்தி தன் குழந்தைக்காகப் பால் பவுடர் டப்பாவைத் திறந்தாள். அந்த வாசம் பட்டதும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

உலக யுத்தம் முடிந்த சமயம். நல்லம்பள்ளிப் பக்கம் மழையில்லாமல் கேழ்வரகெல்லாம் கருகிவிட்டது. அம்மாவுக்குப் பால் வற்றி, கைக்குழந்தையான என் தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அம்மா மாதா கோயிலுக்கு நடந்தாள்.

"நாங்க வேதக்காரங்க இல்லீங்க" என்றாள் வாசலிலேயே. கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம்.

வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி தம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தகர டப்பாவிலிருந்து மாவு போல ஒன்றை எடுத்து வெந்நீரில் கரைத்தார். அது பாலானதை வாய்பிளந்து பார்த்தேன். சங்கில் ஊற்றிப் புகட்டியதும் தம்பி விழுங்கினான்.

"யாரு குடுத்ததுங்கம்மா?" என்று கேட்டாள் அம்மா.

"கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க. ஒரு வேளை சாப்பாட்டை விட்டுட்டு அனுப்பறாங்க."

"எங்களை அவங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதும்மா."

"கடலு எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டாள் அம்மா. கன்னியாஸ்திரி மேற்கே கை காட்டினார். கடலையே பார்த்திராத என் அம்மா அந்தத் திசையில் விழுந்து கும்பிட்டாள்.

தம்பிக்கு இப்போது எண்பது வயதாகப் போகிறது. போன வாரம்கூட பொம்மிடியில் ரயிலேறி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனான்.