நின்றுபோன பிறகும் மூன்று நாள்

எனக்கு நாற்பத்தொன்பது வயதில் மாதவிலக்கு நின்றது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட.

சொல்லப் பயந்ததற்குக் காரணம் என் ஓரகத்தி. குடவாசல் பக்கம் ஒரே கொல்லையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்த வீடுகள். அண்ணன் மனைவியான அவரை நான் அக்கா என்பேன். என்னைவிட நான்கே வயது மூத்தவர். எங்கள் குடும்பத்தில் அந்த மூன்று நாளும் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது, கொல்லைப்புற அறையில் இருக்க வேண்டும். ஒருத்தி விலகினால் மற்றவள் இரண்டு வீட்டுக்கும் சமைப்பாள். இந்தக் காலத்திலுமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். மாதத்தில் நான் காலை நீட்டி உட்கார்ந்தது அந்த மூன்று நாள்தான்.

அக்காவுக்கு நின்றதும் அந்த ஓய்வு போயிற்று. "உனக்கென்ன, எப்பவும் சுத்தந்தானே" என்று சொல்லிச் சொல்லியே திவசம், மாவிளக்கு, நடவாட்களுக்குப் பலகாரம் என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினார்கள். தீபாவளிக்குச் சிவப்புப் புடவை எடுத்தால், இந்த வயசிலா என்று முகம் சுளித்தார்கள். ஒரே வருடத்தில் அக்கா கிழவியாகிவிட்டார். ஆகிவிட்டார் என்று சொல்வது பொய், ஆக்கினோம். வேலையை அவர் தலையில் கட்டியவர்களில் நானும் ஒருத்தி.

அதனால் எனக்கு நின்றபோது நான் வாயைத் திறக்கவில்லை. காலண்டரைப் பார்த்து மாதாமாதம் மூன்று நாள் கொல்லை அறைக்குப் போனேன். மெடிக்கலில் நாப்கின் வாங்கி, அது நாப்கின்தான் என்று நாலு பேருக்குத் தெரியும்படி கறுப்புக் கவரை வீசி வீசி நடந்து வந்தேன். மாமியார் திவசத்துக்கு முதல் நாள் எனக்குத் தவறாமல் வந்துவிடும். அக்கா தனியாக வெந்து தணிவார். அறைக்குள் நான் போனில் முகத்துக்குப் பயத்தமாவு பூசுவது எப்படி என்று பார்த்துக்கொண்டிருப்பேன். தலைக்குச் சாயம், தினம் எள்ளுருண்டை, விடிந்ததும் வாய்க்கால் கரையில் வேக நடை. "அம்மாவுக்கு வயசே தெரியலைங்க" என்று களை பறிக்கும் பெண்கள் சொன்னால் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. பிறகு ஒரு நாள் நிஜமாகவே வந்தது.

அன்று நான் பட்ட சந்தோஷத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எள்ளும் நடையும் வேலை செய்துவிட்டன, உடம்பு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். தலைக்குக் குளித்து, மாம்பழ மஞ்சளில் புடவை கட்டி, இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டேன். பத்து நாளில் மறுபடி வந்தது. அதற்கப்புறம் கணக்கே இல்லாமல் வந்தது. சேர்த்து வைத்திருந்தது வருகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏழெட்டு மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். மாதவிலக்கு ஒழுங்கா என்று அவர் கேட்டதும், "மாசாமாசம் டாண்ணு வந்துடுங்க, ஒரு மாசம் தவறினதில்ல. இப்பதான் கொஞ்சம் அதிகம்" என்று என் கணவர் முந்திக்கொண்டு சொன்னார். அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. அதைக் கலைக்க மனம் வராமல் நான் தலையாட்டினேன். அந்த வயதில் அப்படித்தான் என்று சத்து மாத்திரையும் ரத்தப்போக்கு நிற்க மாத்திரையும் கொடுத்தார்கள். இன்னும் மூன்று மாதம் போயிற்று.

தஞ்சாவூரில் பார்த்த டாக்டரம்மா என் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உண்மையைச் சொல்லுங்கம்மா, எப்ப நின்னுச்சு?" என்றார். சொன்னேன். "நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அன்னைக்கே வந்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீட்டில் என்னென்னவோ எழுதினார். சோதனைகள் முடிந்தபோது புற்று கர்ப்பப்பையைத் தாண்டிப் போயிருந்தது. ஆபரேஷன் பயனில்லை, கரண்டு வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்ற சொல்லை அவர்கள் சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

கணவரிடம் அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னேன். அக்காவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. ஒன்றரை வருடம் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தவள் அல்லவா? கஞ்சி கொண்டு வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு, முன்பு வந்ததெல்லாம் பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும்" என்றார் அக்கா. "கொல்லையில நாப்கின் எரிச்ச தடமே இருக்காது. எனக்குத் தெரியாதா? இவளாவது மூணு நாள் உக்காரட்டும்னுதான் யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன்."

அக்கா கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கை நின்றது.

"அப்புறம் ஒரு நாள் எரிச்ச தடம் பாத்தேன். பரவாயில்லையே, நல்லா நடிக்கக் கத்துக்கிட்டாளேன்னு நெனச்சு எனக்குள்ள சிரிச்சேன்டி. நிஜம்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உன்னை இழுத்துக்கிட்டுப் போயிருப்பேனே."